ஓரம் இருண்ட முகம்

கென்சாகுவின் அலமாரியில் ஒன்பது லென்ஸ்கள் இருந்தன. ஒன்பதும் ஒரே கேமராவுக்கு. வந்து உட்காரும் முகத்தைப் பார்த்த பிறகுதான் எதை மாட்டுவது என்று முடிவுசெய்வார்.

அவர் எடுப்பது சாவு வீட்டில் பூக்களுக்கு நடுவே வைக்கும் படங்கள். ஆள் போன பிறகு கல்யாண குரூப் படத்திலிருந்து தலையை வெட்டி ஒட்டுவதை இப்போது யாரும் விரும்புவதில்லை. எழுபது தாண்டியதும் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு அவரே போவார். சின்னக் கேமரா, சத்தமும் குறைவு. தேநீர் குடித்துக்கொண்டே பேசுவார், நடுவில் ஐந்தாறு முறை விரல் அசையும். எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று அவர் புறப்படும்போது கேட்டவர்கள் உண்டு.

அது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அந்த வகையில் கண் வைக்கும் சன்னல் ஒரு ஓரத்தில் இருக்கும், லென்ஸ் நடுவில் இருக்கும். கண் பார்ப்பது வேறு, லென்ஸ் பார்ப்பது வேறு. சன்னலில் இரண்டாகத் தெரியும் உருவத்தை வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கினால் தூரம் சரியாகிவிட்டது என்று பொருள், அவ்வளவுதான். அந்த முகத்தை லென்ஸ் என்ன செய்தது என்பது ஃபிலிமைக் கழுவினால்தான் தெரியும். லென்ஸ் தேடுவது வரன் தேடுவது மாதிரி. நாலு இடத்தில் விசாரிக்கலாம். குணம் கூட இருந்து பார்த்தால்தான் தெரியும்.

குணம் என்பதே குறைதான். குறையில்லாத புது லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்டும். பழைய லென்ஸ்களில் ஒன்று வெளிச்சத்தைப் பால் மாதிரி கசியவிடும். ஒன்று நடுவை மட்டும் கூர்மையாக வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும். தோட்டத்தில் முக்கால் நூற்றாண்டு வேலை செய்த முகத்துக்கு ஒன்று, கணக்கு எழுதியே வெளுத்த முகத்துக்கு ஒன்று என்று அவர் வைத்திருந்தார்.

ஒன்பதாவதை மார்ச் மாதம் நகானோவில் நொகாமி கடையில் வாங்கினார். சந்தைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் வயிறு இடிக்கும் கடை. நொகாமி முப்பது வருடமாக லென்ஸ் விற்கிறார். கடைசியாக அவர் படம் எடுத்தது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. அல்வா கடைக்காரன் அல்வா தின்னமாட்டான் என்பார்.

"வாங்க வாத்தியாரே. உங்களுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு."

பித்தளை உடல். முன் வளையத்தில் செய்தவன் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சுரண்டியதில்லை, எழுதவே இல்லை. போருக்கு முந்தியது, ஐம்பது மில்லிமீட்டர், கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. இரண்டு பேர் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டதாக நொகாமியே சொன்னார். படத்தில் என்ன குறை என்று கேட்டதற்கு, குறை ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருமே சொன்னார்களாம்.

"அப்புறம் ஏன் கொடுத்தாங்க?"

"மூஞ்சிக்குன்னே பொறந்த லென்ஸ் இது. அவங்க மலையை எடுத்திருப்பாங்க."

கென்சாகு அதை அங்கேயே கேமராவில் மாட்டி, கல்லாவுக்குப் பின்னால் நின்ற நொகாமியை ஒரு படம் எடுத்தார். அது முதல் படம்.

ஏப்ரலில் உஷியோதா என்பவரை எடுத்தார். ரயிலில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்தொன்று. மகள் ஹத்சுனேயுடன் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் மூங்கில் புதர் முன் உட்காரவைத்தார். கழுவிப் பார்த்தபோது கென்சாகுவுக்குக் கை நின்றது. நான்கு ஓரமும் இருண்டிருந்தது. மூங்கில் இலைகள் நீர்ச்சுழி மாதிரி வட்டமாகச் சுழன்றன. சுழிக்கு நடுவில் அந்த முகம், உள்ளே விளக்கு வைத்த மாதிரி. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு படம் அவர் எடுத்ததில்லை. மகள் பார்த்துவிட்டு அழுதாள். கென்சாகுவின் மனைவி சுமியே ஈரப் படத்தைக் கிடுக்கியால் தூக்கிப் பிடித்து, எனக்கும் இதிலேயே எடுங்கள் என்றாள்.

செப்டம்பரில் ஹத்சுனே தனியாக வந்தாள். அப்பா நன்றாக இருக்கிறார் என்றாள். ஆனால் உட்கார்ந்த பிறகும் கைப்பையை மடியிலிருந்து எடுக்கவில்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அப்பா எதிரில் இருந்தால் ஒன்றும் இல்லை. அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டால், அப்பா என்று நினைத்ததும் அந்தப் படம்தான் வருகிறது. ஓரம் இருண்டு, பின்னால் எல்லாம் சுழன்றுகொண்டு.

நல்ல படம் அப்படித்தான் மனதில் பதியும் என்று கென்சாகு சொன்னார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் ஐயா. எனக்கு ஆறு வயசுல என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனார். தோள்ல தூக்கி வச்சிக்கிட்டு அலையில நின்னார். அதை நெனச்சா, எண்பத்தொரு வயசு முகத்தோட, அந்தக் கோட்டோட நிக்கிறார். அலை வட்டமா சுத்துது."

வேறு ஏதாவது ஒரு லென்ஸில் இன்னொரு படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். மறுநாளே போய், இருப்பதிலேயே குணமில்லாத புது லென்ஸில் எடுத்துக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்தாள். மாறவில்லை என்றாள். உடனே வைத்துவிட்டாள்.

அன்று மாலை கென்சாகு இருட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். மற்ற எட்டு லென்ஸ்களில் எடுத்தவர்கள் மனிதர்களாக வந்தார்கள். இருமினார்கள், திரும்பினார்கள், வயது ஏறி இறங்கினார்கள். உஷியோதா படமாக வந்தார். படம் எடுத்தவனுக்கு அது இயல்புதான் என்று எண்ணிக்கொண்டார். நொகாமியை நினைத்தார். கல்லாவுக்குப் பின்னால், ஓரம் இருண்டு, பின்னால் கண்ணாடி அலமாரி சுழன்றது. முப்பது வருடப் பழக்கம். ஒருமுறை இருவரும் குடித்துவிட்டு ஆற்றங்கரையில் விழுந்து கிடந்தார்கள். ஆற்றங்கரையிலும் நொகாமி கல்லாவுக்குப் பின்னால்தான் நின்றார்.

பிறகு பக்கத்து வீட்டு தகிகாவா அம்மாள். ஃபிலிம் சுருள் முடியும் இடத்தில், அவள் வாசல் பெருக்குவதை அதே ஒன்பதாவது லென்ஸில் சும்மா ஒன்று எடுத்திருந்தார். கடைசிப் படம் ஆதலால் பாதியில் வெட்டுப்பட்டு, மீதி வெறும் ஃபிலிமாகப் போயிருந்தது. அச்சுப் போடவும் இல்லை. கோடையிலிருந்து அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இடது கண்ணும் பாதி மூக்கும்தான் நினைவுக்கு வந்தன. ஞாபகசக்தியில் ஏதோ கோளாறு என்று எண்ணி அவர் டாக்டரிடம்கூடப் போய் வந்திருந்தார்.

லென்ஸைத் துணியில் சுற்றி அலமாரியின் பின்வரிசையில் வைத்தார். நொகாமியிடம் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டு, ஸ்டேஷன் வரை போய், திரும்பி வந்தார். அடுத்தவன் வாங்குவானே என்பது ஒன்று. உஷியோதா படம் மாதிரி இன்னொன்று வராது என்பது இன்னொன்று.

அக்டோபரில் சுமியேவுக்கு வலது காதின் கீழே ஒரு கட்டி இருப்பதாகத் தெரிந்தது. எடுத்தே ஆக வேண்டும், உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு அந்தக் கட்டியின் ஊடாகப் போகிறது. நரம்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். முடியாவிட்டால் முகத்தின் வலது பாதி தொங்கிவிடும். நவம்பர் இரண்டாம் வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வீடு வந்தார்கள். சுமியே செருப்பைக் கழற்றும்போது, அதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிடுங்கள் என்றாள். பிறகு எந்த லென்ஸ் என்றும் சொன்னாள். அவர் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டாள். ஹத்சுனே வந்துபோனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சுமியே கேட்டுக்கொண்டே முள்ளங்கி அரிந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை.

பத்து நாள் கென்சாகு அதையே நினைத்துக்கொண்டு திரிந்தார். வேறு எந்த லென்ஸில் எடுத்தாலும் அது சட்டத்தில் கிடக்கும் ஒரு படம். தினமும் எதிரில் இருக்கப்போவது புது முகம். நாள்பட நாள்பட அந்த முகம் பழையதை மூடிவிடும். அவருடைய அண்ணன் வாதம் வந்து மூன்று வருடம் கிடந்தான். அவன் கோணாமல் சிரித்த முகம் இன்று அவருக்கு நினைவில் இல்லை. ஒன்பதாவது லென்ஸில் எடுத்தால் அது நடக்காது. இந்த முகம், இந்த நவம்பர் முகம், எது வந்தாலும் அழியாது. ஆனால் அதற்கு முந்தியவை எல்லாம் போய்விடும். இருபத்தாறு வயதில் மட்சுமோட்டோ ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்த முகம். மாமனார் இறந்த அன்று தூக்கமில்லாமல் வீங்கியிருந்த முகம். கோபத்தில் காது மடல் மட்டும் சிவக்கிற முகம். எல்லாவற்றிலும் அறுபத்தொரு வயதுப் படம் வந்து உட்காரும்.

சனிக்கிழமை சாப்பிடும்போது சுமியேவே பேச்சை எடுத்தாள்.

"அந்த இருபத்தாறு வயசு மூஞ்சி எனக்கே ஞாபகம் இல்ல. உங்களுக்கு எதுக்கு அது?"

"எனக்கு வேணும்."

"அவ என்ன பண்ணினா உங்களுக்கு? ஆரஞ்சை உரிச்சு அவளே தின்னா. ஒரு சுளை கொடுக்கல. நான் முப்பத்தஞ்சு வருஷமா சோறு போடறேன்."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"கோணிக்கிட்டுக் கெடந்தாலும், அடுத்த ரூம்ல நீங்க இருக்கும்போது உங்க மனசுல நான் நேரா இருக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிழக்கு அறையில் வெளிச்சம் நன்றாக வரும். காகிதக் கதவை ஓரமாகத் தள்ளி, வெள்ளைத் துணி கட்டி, நாற்காலியைப் போட்டார். சுமியே நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கட்டி தெரிந்ததும் மறுபடி முன்னால் விட்டாள்.

ஐயாயிரம் முகங்களை எடுத்தவர்தான். துணியைப் பிரித்து லென்ஸை எடுத்து மாட்டினார். மாட்டிவிட்டு இரண்டு முறை ஃபிலிமைச் சரிபார்த்தார், வெளிச்சத்தை மூன்று முறை அளந்தார். சன்னலில் கண்ணை வைத்தார். சுமியே இரண்டாகத் தெரிந்தாள். வளையத்தைத் திருப்பினார். இரண்டு சுமியேக்களும் மெதுவாக நகர்ந்து ஒன்றின் மேல் ஒன்று படிந்தார்கள்.

முதல் படத்துக்கு அவள் முகம் கொஞ்சம் வியப்பாக இருந்தது. இரண்டாவதில் உதட்டோரம் ஒரு சிரிப்பு எழுந்தது. அடக்கினாள், அடங்கவில்லை. அவர் அப்படியே எடுத்தார். திரும்பச் சொன்னார், திரும்பினாள். வெளிச்சம் வரும் பக்கம் பார்க்கச் சொன்னார், பார்த்தாள். கண் ஈரமாகியது. முப்பத்தாறு படமும் ஒரே மூச்சில் முடிந்தது. இப்படி ஒரு முகம் அவர் எடுத்த எந்தச் சுருளிலும் இருந்ததில்லை. கேமராவை இறக்கினார்.

லென்ஸின் மேல் மூடி இருந்தது.

இந்த வகைக் கேமராவைப் பிடித்த எவனுக்கும் வாழ்க்கையில் ஒருமுறையாவது நடப்பது. சன்னலில் எல்லாம் தெரியும், அதனால் மூடி இருப்பதே தெரியாது. தெரிவது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

"நீ பாத்தியா?"

"மொதல்லேயே பாத்தேன்."

"சொல்லக்கூடாதா?"

"வேணும்னே போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் மனசும் கோணாம, அந்த ஆரஞ்சுக்காரியும் போகாம இருக்கட்டும்னு எடுக்கற மாதிரி எடுக்கறீங்கன்னு. இந்த மனுஷனுக்கு இவ்வளவு யோசனை இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவரும் சிரித்தார். முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார். வேறு சுருள் போடுகிறேன், அதற்குள் ஒரு வாய் தேநீர் குடிக்கலாம் என்றார். அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

சுருளைச் சுற்றிக்கொண்டே, அடுத்த முறை எந்தப் பக்கம் திருப்பி உட்காரவைக்கலாம் என்று யோசித்தார். இடது கன்னத்தில் வெளிச்சம் விழும்படி. யோசிக்க அவள் முகம் வேண்டியிருந்தது. வரவில்லை.

சட்டை வந்தது. நாற்காலி வந்தது. முடி காதுக்குப் பின்னால் போய், முன்னால் வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. மறந்துபோன ஒன்றைத் தேடும்போது அது எங்கோ அருகில் இருப்பது மாதிரி தோன்றும். இது அப்படி இல்லை. மூடி போட்டு எடுத்த ஃபிலிம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மட்சுமோட்டோ ரயிலை நினைத்தார். ஆரஞ்சுத் தோல் மடியில் விழுந்தது. விரல்கள் தெரிந்தன. அவற்றுக்கு மேலே இருட்டு.

அடுக்களையில் தண்ணீர் கொதித்தது. அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். குரல் அவளுடையதுதான்.

"சுமியே."

"என்னங்க?"

"இங்க வா கொஞ்சம்."

ஒரு பெண் கதவருகில் வந்து நின்றாள். நீலக் கம்பளிச் சட்டை. அறுபது வயது இருக்கும். இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் உயரம், மூக்கின் பக்கத்தில் சின்ன மரு. நல்ல முகம். அவர் கவனமாகப் பார்த்தார்.

"என்ன, பேயைப் பாத்த மாதிரி பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

அவள் திரும்பினாள். புருவம் போயிற்று, மரு போயிற்று.

மறுபடி எடுத்தார். மூடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு சுருள். மதியமே கழுவி, பெரிதாக அச்சுப் போட்டார். ஓரம் இருண்டு, வெள்ளைத் துணியின் மடிப்புகள் சுழல, நடுவில் அந்தப் பெண் ஒளியோடு இருந்தாள். உஷியோதா படத்தைவிட ஒரு படி மேல். அச்சைக் கவிழ்த்து மேசையில் வைத்துக் கண்ணை மூடினார். மறுபடி திருப்பிப் பார்த்தார். மறுபடி கவிழ்த்தார். உஷியோதாவுக்கு ஆனது போலவே, முதலில் எடுத்ததுதான் நிற்கும் என்பது அவருக்குத் தெரியாததில்லை.

சுமியேவிடம் சொல்லவில்லை. அச்சை அவளிடம் கொடுத்தார். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, சரி, இனி என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்றாள்.

வியாழக்கிழமை அறுவை ஏழு மணி நேரம் நடந்தது. நரம்பில் ஒரு கிளையைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் சொன்னார். பதினோராம் நாள் கட்டைப் பிரித்தார்கள். கென்சாகு போனபோது அவள் மாடியின் கோடியில் இருந்த பொது அறையில், வெயில் விழும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ்தான் கூட்டிப்போய்க் காட்டினாள். எதிரில் உட்கார்ந்தார்.

"நேரா பாருங்க. எவ்வளவு மாறிப்போச்சு?"

அவர் நேராகப் பார்த்தார். வலது வாயோரம் கீழே இழுத்திருந்தது. வலது கண் முழுக்க மூடவில்லை. அது மாற்றம் என்று டாக்டர் சொன்னதால் தெரியும். மற்றபடி ஒரு முகம். எதோடு ஒப்பிடுவது?

"தெரியல," என்றார்.

"பொய் சொல்லாதீங்க."

"நெஜமாவே தெரியல சுமியே."

அவள் சிரித்தாள். பாதி வாய் மட்டும் மேலே போயிற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்த லென்ஸ் வேலை செய்யுது."

அவர் தலையாட்டினார். தேநீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்தார். இயந்திரம் நடைக்கூடத்தின் மறுகோடியில் இருந்தது. இரண்டு காகிதக் கோப்பைகளை நிரப்பிக்கொண்டு, சிந்தாமல் நடந்து திரும்பி வந்தார்.

வெயில் நகர்ந்திருந்தது. அவர் விட்டுப்போன இடத்தில் இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. சன்னல் ஓரத்தில் ஆறு பெண்கள் இருந்தார்கள், ஆறு பேரும் நீலக் கோடு போட்ட ஒரே ஆஸ்பத்திரி உடுப்பில். நான்கு பேருக்கு நரைத்த முடி. மூன்று பேர் கழுத்தில் தழும்பு, அவர்களில் இரண்டு பேருக்கு வலது வாயோரம் இழுத்திருந்தது. ஒருத்தி பத்திரிகை படித்தாள். ஒருத்தி வெளியே பார்த்தாள். இரண்டு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோப்பை விரலைச் சுட்டது. யாராவது கூப்பிடட்டும் என்று அவர் வாசலிலேயே நின்றார்.